குறும்படங்களுக்கு ஓர் அலமாரி

அன்புள்ள அக்கா,

இரண்டு வருடமாக நீங்கள் எழுதுவதை வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் திரைப்படம் படித்தேன். தேசிய சேவை முடிந்து, இப்போது கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். இறுதியாண்டில் என் தாத்தாவை வைத்து 14 நிமிடத் தமிழ்க் குறும்படம் ஒன்று எடுத்தேன். அவர் ஒரு கொண்டோவில் இரவு நேரப் பாதுகாவலர். படம் கல்லூரியில் ஒரு முறை ஓடியது, நாற்பது பேர் பார்த்தார்கள், பாதிப் பேர் எங்கள் வகுப்பு. பிறகு யூடியூப்பில் போட்டேன். முதல் நிமிடத்தைத் தாண்டி எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அது ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சிங்கப்பூரில் தமிழ்க் குறும்படங்களுக்கென்று யாரையும் சாராத ஒரு விழா தொடங்கலாம் என்று நாங்கள் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டோம். "அதெல்லாம் சீனப் பிள்ளைங்களுக்குப்பா. நமக்கு இங்க அப்படி ஒரு வரலாறே கிடையாது. நல்ல ஸ்பான்சர் பிடிச்சு, பெரிய பரிசா வெச்சு, சென்னையிலேர்ந்து ஒரு நடிகரக் கூட்டிட்டு வந்தாத்தான் கூட்டம் சேரும்" என்றார்.

உண்மையிலேயே நமக்கு வரலாறு இல்லையா அக்கா? பரிசு இல்லாமல் விழா நடத்த முடியுமா? அப்புறம், விழா முடிந்ததும் படமெல்லாம் எங்கே போகும்?

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். மூன்றாவது கேள்வியை ஏதோ வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்பதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதைத் தாண்டிக்கொண்டு அங்கே போக முடியவில்லை. "நமக்கு இங்கே வரலாறு கிடையாது" என்பதை முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை, அவ்வளவுதான். ஏன் படவில்லை என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

இந்த ஊர் சினிமா எடுக்கத் தொடங்கிய காலத்திலேயே நம் ஆட்கள் அதில் இருந்தார்கள். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ இருந்தது. அங்கே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950இல் எடுத்த படத்தில்தான், பிறகு மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரமான பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். 1967இல் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோவும் எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது. எண்பதுகளில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது படம் பார்க்கத் தியேட்டர் இருந்தது, டிக்கெட்டுக்கு வரிசை இருந்தது, உள்ளூர்ப் படம் என்று ஒன்று அநேகமாக இல்லவே இல்லை.

அந்த வறட்சியில்தான் குறும்படம் இங்கே வேர் பிடித்தது. ஜெஃப்ரி மலோன் 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா, 1991இல் வெள்ளித்திரை விருதுகளை அறிமுகம் செய்தது. ஆசிய முழுநீளப் படங்களுக்கு ஒரு போட்டி. சிங்கப்பூர்க் குறும்படங்களுக்குத் தனியாக ஒரு போட்டி. முழுநீளப் படமே எடுக்காத ஊரில் உள்ளூர்க்காரர்களை வேறு எப்படி மேடைக்கு அழைத்து வருவது? பத்து நிமிடமோ இருபது நிமிடமோ எடுத்து வா, நாங்கள் திரையிடுகிறோம் என்றார்கள். முதல் வருடம் சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூவின் 'ஆகஸ்ட்' பரிசு வாங்கியது. 1994இல் அவருடைய 'பெயின்' படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிடத் தணிக்கை அனுமதிக்கவில்லை. விழாவின் நடுவர்கள் அதே படத்துக்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தார்கள், சிறப்புச் சாதனை விருதும் கொடுத்தார்கள். அந்த விருதோடு வந்த உதவியை வைத்துத்தான் அடுத்த வருடம் அவர் தன் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். மக்கள் பார்க்க முடியாத ஒரு குறும்படம் ஒரு நாட்டின் சினிமாவைத் திரும்பத் தொடங்கி வைத்தது என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

இப்போது அந்தப் பெரியவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பெயரைச் சொல்கிறேன். கே. ராஜகோபால். 1995இல் 'ஐ கான்ட் ஸ்லீப் டுநைட்', 1996இல் 'த கிளேர்', 1997இல் 'ஆப்சென்ஸ்'. அதே விழாவில், மூன்று வருடம் தொடர்ந்து, நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு. திரைப்படக் கல்லூரி எதுவும் போகாமல் தானாகக் கற்றுக்கொண்ட ஒரு சிங்கப்பூர் இந்தியர். குறும்படப் போட்டி தொடங்கி ஐந்தாவது வருடமே நாம் அதற்குள் இருந்திருக்கிறோம். ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கவில்லை, மேடையில் நின்று பரிசு வாங்கினோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2008இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குள் முதன்முதலாக ஒரு சிங்கப்பூர்ப் படம் நுழைந்தது. எரிக் கூவின் 'மை மேஜிக்'. அதில் பேசிய மொழி பெரும்பாலும் தமிழ். நாயகனாக நடித்த போஸ்கோ ஃபிரான்சிஸ் நிஜத்திலேயே மாயவித்தைக் கலைஞர். அந்த வருடம் நம் கோப்பிக்கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். அந்த மாதம் வந்த கோடம்பாக்கத்துப் படத்தின் வசூல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ராஜகோபாலின் முதல் முழுநீளப் படம் 'எ யெல்லோ பேர்ட்' 2016இல் கானின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. மூன்றாவது பரிசுக்கும் அதற்கும் நடுவே 19 வருடம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இந்த 19 வருடத்துக்குள்தான் இருக்கிறது. மூன்று பரிசு வாங்கிய ஒருவரையே பரிசு மட்டும் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. இடையில் நாடகம், தொலைக்காட்சி, இன்னும் சில குறும்படங்கள், 2015இல் நாட்டின் பொன்விழா ஆண்டுக்காக ஏழு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த '7 லெட்டர்ஸ்' படத்தில் ஒரு பகுதி. அந்த ஏழு பேர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எரிக் கூ, ஜேக் நியோ, ராய்ஸ்டன் டான், டான் பின் பின், கெல்வின் டோங், பூ ஜுன்ஃபெங், ராஜகோபால். ஏழு பேரும் குறும்படத்தில் கை பழகியவர்கள். பரிசு ஒரு ராத்திரி சமாச்சாரம். கையைப் பழக்கிக்கொண்டே இருக்க ஓர் இடம் வேண்டும், போன வருடம் நம் படத்தைப் பார்த்தவர்களே இந்த வருடமும் வந்து உட்கார வேண்டும்.

அப்படி ஓர் இடம் இருந்தது. ஆர்மீனியன் ஸ்ட்ரீட் 45ஆம் எண் கட்டடம். உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பழைய துணைமின் நிலையம் அது. பல வருடம் சும்மா கிடந்ததை நாடகாசிரியர் குவோ பாவ் குன் கேட்டு வாங்கி, 1990இல் கலை இல்லமாக்கினார். பெயரைக்கூட மாற்றவில்லை. த சப்ஸ்டேஷன் என்றே வைத்தார். குவோவை நம்மவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். 1988இல் அவர் போட்ட ஒரு நாடகத்தில், தொலைந்துபோன பூனையைத் தேடிக்கொண்டு ஒரு சீனக் கிழவி போகிறாள். வழியில், தன் பூனையைத் தேடும் ஒரு தமிழ்த் தாத்தா எதிர்ப்படுகிறார். அவளுக்கு ஹொக்கியன், இவருக்குத் தமிழ். ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லை. கையாலும் முகத்தாலும் பூனையின் வாலாலும் காதாலும் பேசிக்கொள்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள். சப்ஸ்டேஷன் கட்டடத்தை நினைத்தால் எனக்கு அந்தக் கிழவியும் தாத்தாவும்தான் முதலில் வருகிறார்கள்.

1997இல் அங்கே 'மூவிங் இமேஜஸ்' என்ற பெயரில் வருடம் முழுவதும் நடக்கும் திரையிடல் திட்டம் தொடங்கியது. நான் அப்போது தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடந்து போவேன். சின்ன அறை. சுவர், தரை, திரைச்சீலை எல்லாம் கறுப்பு. ஏர்கான் குளிரில் நூறு பேர்வரை உட்காரலாம், பல நாள் இருபது பேர்தான் இருப்போம். படங்கள் எல்லாமே நன்றாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிப் படங்களில் ஒலி கேட்காது. சிகரெட் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்கும் இளைஞர்களை அந்த அறையில் நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் விளக்கு போட்டதும் படம் எடுத்தவர் முன்னால் வந்து நிற்பார். அந்த இருபது பேரில் யாராவது ஒருவர் கை தூக்கி, "அந்த அம்மாவின் முகத்தைக் கடைசிவரை ஏன் காட்டவில்லை?" என்று கேட்பார். எடுத்தவர் யோசிப்பார். சில பேர் அந்த இடத்தில்தான் தங்கள் படத்தையே முதல் முறையாகப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும். உங்கள் யூடியூப் கோடு எந்த விநாடியில் ஆள் எழுந்து போனார் என்று சொல்கிறது. ஏன் போனார் என்பதை எழுந்து போனவரேதான் சொல்ல முடியும், அதற்கு அவர் உங்கள் முன்னால் இருக்க வேண்டும்.

அங்கிருந்துதான் மற்றவையும் கிளைவிட்டன. தேசிய அரும்பொருளகமும் சப்ஸ்டேஷனும் சேர்ந்து 2004இல் 'சிங்கப்பூர் ஷார்ட் கட்ஸ்' தொடங்கின. 2010இல் சப்ஸ்டேஷன் குறும்படங்களுக்கென்றே தனி விருது விழா நடத்தியது. இவற்றின் பட்டியலை முழுக்க எழுத எனக்கு ஆசையில்லை, நீங்களே தேடிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி.

2001இல் நாங்களும் ஒரு படம் எடுத்தோம். நான், என்னோடு படித்த இரண்டு பேர், சின்ன டேப்பில் பதியும், இரவல் வாங்கிய ஒரு வீடியோ கேமரா. கேம்பல் லேனில் பூக்கட்டும் ஓர் அம்மா. ராத்திரி கடை கட்டும் நேரத்தில், விற்காத மல்லிகையை அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. 11 நிமிடம். அதில் நடிப்பு என்று எதுவுமில்லை. அவர் கட்டினார், நாங்கள் படம் பிடித்தோம். ஆர்மீனியன் ஸ்ட்ரீட் அறையில் ஒருமுறை போட்டோம். ஒரு மலாய்ப் பெண்மணி எழுந்து, தன் அம்மாவும் ராத்திரி மிச்சமான பலகாரத்தை இப்படித்தான் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார் என்று சொன்னார். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

சில மாதம் கழித்து ஓர் அமைப்பு தன் நிகழ்ச்சியில் போட வேண்டும் என்று கேட்டது. மூல டேப்பையே கொடுத்தேன். பிரதி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்தது, அலுவலகம் இடம் மாறியது, டேப் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒரு விஎச்எஸ் பிரதி இருந்தது. அலமாரியில் நாலைந்து வருடம் வைத்திருந்து எடுத்துப் பார்த்தால் நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சை. நம் ஊர் ஈரம் அப்படி. படம் போய்விட்டது. அந்த அம்மாவும் இப்போது இல்லை. போன வருடம் அவர் மகள் என்னைத் தேக்காவில் பார்த்து, "அம்மா பேசுற மாதிரி எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா, அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டார். என் கையில் இருந்தது அன்றைய நிகழ்ச்சி நிரல் அச்சடித்த ஒரே ஒரு தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் அவர் அம்மா பெயர் இருந்தது.

தம்பி, நமக்கு வரலாறு இல்லாமல் போனது இப்படித்தான். படம் எடுக்காததால் அல்ல. என்னைப்போல எத்தனை பேர், எத்தனை டேப். புளோக் கீழ்த்தளத்தில் எடுத்தவை, பள்ளி நாடகத்தை வைத்து எடுத்தவை, தீபாவளிக்கு நண்பர்கள் சேர்ந்து எடுத்தவை. எடுத்தோம், ஒருமுறை போட்டோம், விட்டுவிட்டோம். பட்டியல் இல்லை, பிரதி இல்லை, யாரும் விமர்சனம் எழுதவில்லை. இருபது வருடம் கழித்து ஓர் இளைஞன் வந்து கேட்டால், பெரியவர் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமில்லை. அவர் சொன்னது பிழை, ஆனால் அந்தப் பிழைக்கு நாங்கள்தான் காரணம்.

மற்றவர்களும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் கவலைப்பட ஆள் இருந்தார்கள். 2005இல் டான் பீ தியாம் ஆசியத் திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கினார். சிங்கப்பூர்க் குறும்படங்களைத் தேடிப் பிடித்து, ஈரமும் சூடும் கட்டுப்படுத்திய அறையில் வைத்து, பழுது பார்த்து, திரும்பத் திரையில் போடுகிறார்கள். 2018 முதல் வருடாவருடம் 'சிங்கப்பூர் ஷார்ட்ஸ்' என்று புதிய குறும்படங்களையும் தேர்ந்து காட்டுகிறார்கள். கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் இருக்கும் ஓல்டம் தியேட்டருக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இடங்கள் நிலைக்கவில்லை. நான் சொன்ன சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவே 2012, 2013 இரண்டு வருடம் நடக்கவில்லை. 2014 டிசம்பரில் திரும்பி வந்தது. திரும்பக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? யூனி ஹாடியும் ஜாங் வென்ஜியேவும். இருவரும் முன்பு சப்ஸ்டேஷனின் அந்தக் கறுப்பு அறைக்குப் படம் தேர்ந்தெடுத்தவர்கள். சப்ஸ்டேஷன் 2021இல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் கட்டடத்தை விட்டு வெளியேறியது. பீச் ரோட்டில் கோல்டன் மைல் டவரில் 2014 முதல் இயங்கிய த புரொஜெக்டர் 2025இல் மூடியது. சில வருடம் அதே கட்டடத்தில் இன்னொரு அரங்கில் தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே லிஃப்டில், நெற்றியில் விபூதியும் கையில் பாப்கார்னுமாக நம் குடும்பங்கள் ஒரு பக்கம், குறும்படம் பார்க்க வந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம் நிற்பார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் இரண்டு திசையில் பிரிந்து போவார்கள். நானும் சில நாள் இந்தப் பக்கமும் சில நாள் அந்தப் பக்கமும் போயிருக்கிறேன். இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியாதா என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த வேலையை உங்கள் நான்கு பேர் தலையில் வைக்கிறேன்.

ஆகவே என் யோசனை இது. முதல் இரண்டு வருடம் பரிசே வேண்டாம். பரிசு என்றால் நடுவர், நடுவர் என்றால் மனத்தாங்கல், அதற்கு ஸ்பான்சர், ஸ்பான்சருக்கு மேடையில் நாலு பேச்சு. படம் ஓட வேண்டிய நேரத்தை அது சாப்பிட்டுவிடும். நடிகர் வந்தால் கூட்டம் வரும், உண்மைதான். அவர் போனதும் கூட்டமும் போகும். நூலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசகர் வட்டக் கூட்டங்களுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பதினைந்து பேர், ஒரு சிறுகதை, சூடான விவாதம், கடைசியில் கோப்பி. இங்கே தமிழ்ச் சிறுகதை இத்தனை வருடம் தாக்குப்பிடித்து நிற்பது விருதால் மட்டும் அல்ல, அந்தப் பதினைந்து பேராலும்தான். குறும்படத்துக்கும் அதையே செய்யுங்கள். மாதம் ஒரு மாலை, மூன்று படம், எடுத்தவர் கட்டாயம் வர வேண்டும். பன்னிரண்டு மாதம் விடாமல் நடத்தினால் பதின்மூன்றாவது மாதம் நீங்கள் வைப்பது தானாகவே விழாவாகிவிடும். யாரையும் பொய்யாக அழைத்து வர வேண்டியிருக்காது.

தமிழ்ப் படம் மட்டும் போடாதீர்கள். மூன்றில் ஒன்றோ இரண்டோ தமிழ், மற்றது மலாயோ சீனமோ வேறு எதுவோ. இதில் நீங்கள் என்னோடு மாறுபடலாம். நமக்கென்று ஓர் அறை வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் தெரியும். ஆனால் என் பூக்கார அம்மாவின் படத்தை உண்மையில் பார்த்தவர் அந்த மலாய்ப் பெண்மணி. தமிழர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

அப்படியானால் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன வரிகளில் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும். இதை ஏனோதானோவென்று செய்து நான் அடிபட்டிருக்கிறேன். அந்த அம்மா வாடிக்கையாளரை "கண்ணு" என்று கூப்பிடுவார். நான் 'டியர்' என்று போட்டேன். உச்சி வெயிலில் ஐம்பது வருடம் பூக்கட்டிய ஒருவரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அறையே சிரித்தது. அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று அன்று ராத்திரி தூங்கவில்லை. ஒன்றும் போடாமல் விட்டிருக்க வேண்டும். அவர் குரலிலேயே எல்லாம் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்து வாக்கில், அதிகம் போனால் இரண்டு வரிதான் இடம். நம் ஆட்கள் பேசுவதை அதற்குள் அடக்க முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் முடியும். இன்னொரு பக்கம், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு விளக்கமும் வேண்டியதில்லை. "சாப்டாச்சா?" என்று உங்கள் தாத்தா ஒருவரை வரவேற்றால் இந்த ஊரில் யாருக்கும் உரை தேவையில்லை. ஹொக்கியன் பாட்டியும் அதையேதான் கேட்பார், மலாய்க்கார அண்டைவீட்டாரும் அதையேதான் கேட்பார்.

பொதுவில் திரையிடும் படங்களைத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் தரப்படுத்தலுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். கடைசி நேரத்தில் ஓடுவதால் நல்ல படங்கள் விடுபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் திரையிடலுக்கும் முன்னால், அலமாரி. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வன்தட்டில் பிரதி, இரண்டும் இரண்டு வீட்டில். அழுத்திச் சுருக்கிய யூடியூப் கோப்பு போதாது, எடிட்டிங் முடித்து ஏற்றுமதி செய்த மூலக் கோப்பு வேண்டும். வசன வரிகள் படத்தோடு ஒட்டாமல் தனிக் கோப்பாக. ஒரு தாளில் எடுத்தவர், நடித்தவர், எந்த இடம், எந்த வருடம், யார் வீட்டுச் சமையலறை என்பதுவரை எழுதி வையுங்கள். அன்று வந்தவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றிரண்டையும் குறித்து வையுங்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வன்தட்டை மாற்றுங்கள், அதற்கும் ஆயுசு உண்டு. கொஞ்சம் சேர்ந்ததும் காப்பகத்தின் கதவைத் தட்டுங்கள். விழா நடத்தும் நான்கு பேரில் ஒருவருக்கு இதுதான் முழு வேலை. மேடையில் நிற்கிற வேலையைவிடப் பெரிய வேலை என்று அவரிடம் சொல்லுங்கள்.

என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து நான் போன திரையிடல்களின் நிகழ்ச்சித் தாள்கள், டிக்கெட் துண்டுகள், சிலவற்றின் பின்பக்கம் பென்சிலில் நான் எழுதிய குறிப்புகள். மை மங்கத் தொடங்கிவிட்டது. உங்களில் ஒருவர் வந்து ஸ்கேன் செய்துகொண்டு போங்கள். அதில் தமிழ்ப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அவர்களில் சிலரை இன்னும் என்னால் தொலைபேசியில் கூப்பிட முடியும். யார் வீட்டு அலமாரியில் எந்த டேப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது உங்கள் 14 நிமிடப் படத்தின் மூலக் கோப்பைக் கொண்டு வாருங்கள். தாத்தாவுக்கு அன்று ராத்திரி வேலை இல்லையென்றால் அவரையும்.

அன்புடன்,
அக்கா